பேர்சுக்குள் வைத்த இருபத்தைந்து சதம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு அந்தப் பெட்டியைக் காட்டியிருப்பார்கள். காசு வாங்கும் மேசைக்குக் கீழே, இரண்டாவது லாச்சியில், கறுப்பு வெல்வெற் உறைக்குள் கடையின் சின்னம் பொறித்த பொன்னிற நாணயக் குற்றிகள். பேர்ஸ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றியை உள்ளே போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அது எங்கள் நிறுவனத்தின் மரபு என்றும் சொன்னார்களாமே! கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மரபுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. அதைத் தொடக்கி வைத்த ஆள் நான். அதுவும் மரபாக இல்லை, பிழையாக.

போன மாதம் ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலில் உங்களில் மூன்று பேரைச் சந்தித்தேன். ரொறன்ரோவின் புளோர் வீதியில், எங்கள் கைப்பைக் கடையில் இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவே எனக்குப் பெருமை. நான் சேர்ந்த காலத்தில் அந்த வீதி முழுவதும் தேடினாலும் கீழ்க் களஞ்சியத்தில் ராஜன் அண்ணையும் மேல்மாடியில் நானும்தான். வடையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களில் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்ரி, சீனப் பிள்ளையள் கடைக்குள்ள வரேக்கையே எல்லாம் டிசைட் பண்ணிக்கொண்டுதான் வருகினம். போனில ஆரோ ஒருத்தி சொல்லிப்போட்டாள், அதைத்தான் வாங்குவினம். அப்ப நாங்கள் என்னத்துக்கு? லைக், கதவு திறந்து விடவோ?"

சாப்பாட்டு வரிசை நகர்ந்துவிட்டதால் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொள்ளுங்கள். நீளம் என்று முறைப்பாடு வைக்க வேண்டாம். நாள் முழுவதும் கைபேசியில் மற்றவர்கள் பெட்டி பிரிப்பதைப் பார்க்க நேரம் இருக்கிறதல்லவா?

முதலில், நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கற்றுத் தந்த மூத்த விற்பனையாளர், வாடிக்கையாளர் காலில் போட்ட சப்பாத்தையும் கையில் கட்டிய மணிக்கூட்டையும் பார்த்து அவர் மனத்தை வாசிக்கச் சொன்னவர். அந்த வித்தையில் எனக்கு நல்ல கெட்டித்தனம் என்று ஒரு நினைப்பு. ஒருநாள் ஒரு சீனப் பொடியன் வந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மணல் நிறத்தில் ஒரு சிறிய தோள்பை. நான் அவன் சப்பாத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், அவனுக்குக் கறுப்புத்தான் பொருந்தும் என்று முடிவு கட்டி, மூன்று கறுப்புப் பைகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துப் பேசினேன், பேசினேன். பொடியன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாள் வந்து என் சக ஊழியரிடம் அந்த மணல் நிறப் பையையே வாங்கினான். அவர் செய்ததெல்லாம் பையை மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.

போகும்போது அவன் என்னிடம் வந்து, "அன்ரி, நான் இந்தப் பையை மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். எந்த இடத்தில எத்தினை தையல் எண்டும் தெரியும்" என்றான். (நாங்கள் பேசியது ஆங்கிலம். நம்முடைய பேச்சில் எழுதினால்தான் எனக்கு அந்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அன்றிரவு என் மகனிடம் கேட்டு, அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும் சிவப்பு நிறச் செயலியை என் கைபேசியிலும் போட்டுக்கொண்டேன். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படம் விளங்கியது, மிச்சத்தை மகன் கைபேசியிலேயே மொழிபெயர்த்துக் காட்டினான். சினிமா நடிகை பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விளம்பரத்தை அவர்கள் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். தன் அறைக் கட்டிலில் இருந்துகொண்டு, "இதன் கொழுக்கி ஒரு வருடத்தில் நிறம் மாறும், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லும் பெண்ணிடம் நின்றுவிடுகிறார்கள். எந்தக் கடை, எத்தனையாம் மாடி, எந்த விற்பனையாளர் முகம் சுளிப்பார், எவர் தண்ணீர் தருவார் என்பதுவரை அங்கே கதை இருக்கிறது. நாம் அவர்களைச் சப்பாத்தில் வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் நம்மை ஏற்கெனவே வாசித்து முடித்துவிட்டு வருகிறார்கள்.

அப்படி என்னை வாசித்து எழுதியவள்தான் மெய்லின். ரொறன்ரோவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இருபத்தொரு வயது. பெரிய ஆள் இல்லை. இரண்டாயிரம் பேரளவில் அவளைப் பின்தொடர்ந்தார்கள், பெரும்பாலும் அவளைப் போலவே இங்கே படிக்க வந்த பிள்ளைகள். "கொண்டை போட்ட அன்ரி, இரண்டாம் மாடி, உங்கள் சப்பாத்தைப் பார்க்கமாட்டார்" என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாளாம். சப்பாத்தைப் பார்ப்பதை நான் விட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை! அதன் பிறகு பிள்ளைகள் வந்து கொண்டையைத் தேடத் தொடங்கினார்கள்.

மெய்லின் எனக்கு நிறையக் கற்றுத் தந்தாள். பெட்டியைப் பிரிப்பதே அவர்களுக்கு ஒரு விசேஷம், அதை நேரலையில் காட்டுவார்கள். ரிபனை ஒரே இழுவையில் அவிழும்படி கட்டவேண்டும். உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை நாம் உரிக்கக் கூடாது, அதை உரிக்கும் சுகம் அவர்களுக்கு உரியது. காட்சிக்கு வைத்ததைக் கொடுக்கவே கூடாது. பிறர் கை படாத பொருள் என்பதற்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு, நாங்கள் சாமிக்குப் படைக்க முதல் சாப்பாட்டில் கைவைக்காமல் இருப்பதைப் போன்றது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன்.

ஒரு மாசி மாதம் மெய்லின் ஒரு சிறிய சிவப்புப் பேர்ஸ் வாங்க வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துத் தானே உழைத்த காசில் வாங்கும் முதல் பொருள் என்றாள். தகப்பன் அனுப்பிய காசு அதில் ஒரு சதமும் இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு உருகிவிட்டது. பெட்டியில் வைக்கப் பேர்ஸை எடுத்தேன். வெறும் பேர்ஸ்! நம்மில் யார் வெறும் பேர்ஸைக் கையில் கொடுப்போம்? என் கோட்டுப் பையில் பளபளவென்று ஒரு இருபத்தைந்து சதக் குற்றி கிடந்தது. அதைத் துடைத்து உள் அறைக்குள் வைத்து மூடிவிட்டேன். கடையில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. வீட்டில் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, ரிபனை ஒரே இழுவைக்குக் கட்டி, வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அடுத்த நாள் கடை திறந்தவுடன் அவள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அதே பெட்டி.

நேரலையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பேர்ஸைத் திறந்திருக்கிறாள். குற்றி விழுந்து உருண்டிருக்கிறது. அவ்வளவுதான். "யாரோ பாவித்த பேர்ஸ்!" "திருப்பிக் கொடுத்ததை உனக்குத் தள்ளிவிட்டார்கள்!" "கடையில் வாங்கியதே இல்லை, போலி!" என்று கருத்துகள் மழையாகக் கொட்டியிருக்கின்றன. இதுவரை அவள் காட்டிய எல்லாமே பொய்தான் என்று சிலர் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் குழுவுக்கும் காணொளி போய்விட்டது.

"எனக்கு இருந்தது என்ர சொல்லு ஒண்டுதான், அன்ரி. நான் பாத்ததைத்தான் சொல்லுவன் எண்டு நம்பிச்சினம். இனி ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். முந்திய வருடம்தான், கழுத்து நோவுள்ள ஒரு வாடிக்கையாளரிடம் "இந்தப் பை உங்களுக்குப் பாரம், வாங்காதீர்கள்" என்று சொன்னதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்திருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இன்னொரு கடிதம் வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அழுகை கேட்டு மனேஜர் வந்தார். மொன்றியல்காரர், நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மெய்லின் கொண்டுவந்த குற்றியை ஒரு துணியின் மேல் வைத்தார், ஏதோ கொலை வழக்கின் சான்றுப் பொருள்போல. பேர்ஸ் களஞ்சியத்தில் இருந்து எப்படி வந்தது என்று கேட்க ராஜன் அண்ணையைக் கூப்பிட்டார். வெக்ஸ்போர்ட்டில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து இருபது வருடமாக ஒரு பெட்டிகூடப் பிழை விடாத மனிதர் அவர். படியேறி வந்தார், குற்றியைப் பார்த்தார், சிவப்புப் பேர்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உது உம்மட வேலைதானே?"

"ஓம்" என்றேன். கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

"ஓம் எண்டால் சொல்லுமன். உந்த மனுசன் இப்ப என்னையெல்லோ கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்குது."

"என்ன சொல்கிறார்?" என்று மனேஜர் கேட்டார். மெய்லினும் அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சொன்னேன். எங்கள் ஆட்கள் வெறும் பேர்ஸ் கொடுப்பதில்லை என்றும், அது நிறையட்டும் என்று ஒரு குற்றி வைப்போம் என்றும், வைத்தது நான் என்றும் சொன்னேன். மனேஜர் பெருமூச்சு விட்டார். உடனே தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. புதிய பேர்ஸ் ஒன்று, ஒரு பூச்செண்டு, கடையின் மன்னிப்புக் கடிதம் என்று அடுக்கினார். வேறு எந்த வாடிக்கையாளர் என்றாலும் அதுதான் சரியான மருந்து. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

மெய்லின் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "மாத்தித் தந்தால் பழசைத்தான் முதல் தந்தவை எண்டு ஆகிடும். கடையின்ர கடிதத்தை ஆர் நம்புவினம்? கடை சொன்னால் அது விளம்பரம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன் அன்ரி என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

அன்பு என்றால் கேட்காமலே கொடுக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய பேர்ஸ், அவளுடைய உழைப்பு, அவள் முதலில் திறக்க வேண்டிய அறை. அதற்குள் கையை விட்டது நான். மேசையில் கிடந்த குற்றியை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கடை சொன்னால்தானே நம்பமாட்டினம்? நான் வந்து சொல்லுறன்" என்றேன்.

மனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. கடைக்குள் படம் எடுக்கக் கூடாது, பெயர்ப் பட்டியோடு நிற்கக் கூடாது, கடையின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாவது பிசகினால் என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது" என்றார். பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஒரு பக்கம் என் இரண்டு வருடம், மறு பக்கம் அந்தப் பிள்ளையின் சொல். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மாடியில் இன்னும் இரண்டு வருடம் கொண்டை போட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது என்று பட்டது, அவ்வளவுதான்.

மதிய இடைவேளையில் பெயர்ப் பட்டியைக் கழற்றிவிட்டு, என் சொந்தக் கோட்டைப் போட்டு, குற்றியை அதன் பைக்குள் மாற்றிக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போனேன். பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். காது விறைத்துப்போகும் குளிர். மெய்லின் கைபேசியை நீட்டிப் பிடித்து நேரலையைத் தொடக்கினாள். நான் நடந்ததைச் சொன்னேன், அவள் சீனத்தில் சொன்னாள். திரையில் எழுத்துகள் ஓடின. வாசித்து எனக்குச் சொன்னாள், பாவம், ஒன்றையும் மறைக்காமல்.

"ஆரிந்தக் கிழவியாம். நடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தனியோ எண்டு கேக்கினம்."

"எந்த அறைக்குள்ள வைச்சவவாம்?" உள்பக்கம், இடது கை அறை என்றேன். "அது நீ சொல்லிக் குடுத்திருப்பாய்" என்று வந்தது. "குத்தியில என்ன இருந்தது?" கரிபு மான் என்றேன். "எல்லா இருபத்தைஞ்சு சதத்திலும் மான்தானே" என்று வந்தது. சொல்லச் சொல்ல மெய்லினின் குரல் தேய்ந்துகொண்டே போனது.

பிறகு ஒருத்தி எழுதினாள்: "அவையின்ர பழக்கம் எண்டால் அவவின்ர பேர்ஸைக் காட்டச் சொல்லு, பாப்பம்."

பிள்ளைகளே, இந்தக் கதையில் நான் உண்மையாகப் பயந்த இடம் இதுதான். பதினெட்டு வருடம் நான் அந்த மாடியில் ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான பேர்ஸ்களை விற்றிருக்கிறேன். ஆனால் என் பேர்ஸை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. நல்லது வீட்டில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். வீட்டிலும் இல்லை, எங்கும் இல்லை! இருந்தது ஒன்றே ஒன்று. வெக்ஸ்போர்ட் பிளாசாவின் மருந்துக் கடையில் பன்னிரண்டு டொலருக்கு வாங்கிய அரக்கு நிறப் பிளாஸ்டிக் பேர்ஸ். சிப் இழுக்கும் துண்டு கழன்று போய், அதற்குப் பதிலாக ஒரு ஊசி கொழுவியிருந்தேன். அதை அந்த வீதியில், அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன்னால், இத்தனை பேர் பார்க்க வெளியே எடுப்பதா?

மெய்லின் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள் என்று தெரிந்தது. எடுத்தேன்.

ஊசியைப் பிடித்து இழுத்துத் திறந்தேன். பஸ் அட்டை, மருந்துக் கடையின் புள்ளி அட்டை, மூலை மடிந்த பிள்ளையார் படம், பரிசு விழாத ஒரு லொத்தர் சீட்டு. உள் அறைக்குள் விரலை விட்டு, நான் அதை வாங்கிய அன்று என் மச்சாள் வைத்த பத்துச் சதத்தை எடுத்துக் காட்டினேன். கறுத்துப் போயிருந்தது.

மெய்லின் கைபேசியை அதன் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு எழுத்துகள் பாய்ந்து வந்தன. மெய்லின் வாசிக்கத் தொடங்கி, வாசிக்க முடியாமல் சிரித்தாள்.

"என்னவாம்?"

"உந்தப் பேர்ஸைக் காட்டுறதுக்கு உலகத்தில ஒருத்தரும் காசு வாங்கியிருக்கமாட்டினமாம்!"

நானும் சிரித்தேன். பனிக்குவியலில் விழாத குறை. அதன் பிறகு காற்று மாறிவிட்டது. ஊர்ப் பெயர் எனக்குப் பிடிபடாத எங்கோ இருந்து ஒரு பெண், தன் தாயும் புதுப் பேர்சுக்குள் ஒரு தாள் வைத்துத் தந்தவர் என்று எழுதினாள். இன்னொருத்தி, தன் பேர்ஸ் வெறுமையாக வந்ததே என்று கவலைப்பட்டாள். மெய்லினிடம் மன்னிப்புக் கேட்டும் சிலர் எழுதினார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் போதுமான பேர்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். "எனக்கும் குற்றி வையுங்கள்" என்று பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தலைமை அலுவலகம் மோப்பம் பிடித்தது. எனக்குக் கடிதம் வந்தது, எச்சரிக்கை இல்லை, பாராட்டு. அதன் பின்னால் வெல்வெற் உறையில் குற்றிகள் வந்தன. ராஜன் அண்ணை முதல் பெட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு, "உதால ஒரு கோப்பிகூட வாங்கேலாது" என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், வடை வைத்திருந்த பிள்ளை. ஓம், அவர்கள் முடிவெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எந்தப் பொருள் என்பதை எவளோ ஒருத்தி சொல்லிவிட்டாள். ஆனால் அவள் தன் சொல்லைப் பணயம் வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள், அந்தச் சொல் நம்முடைய மேசையில், நம் கையில் இருக்கிறது. ரிபன் கட்டும் அந்த இரண்டு நிமிடத்தில் நாம் அதைக் காப்பாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். நான் கெடுத்தேன், அன்பினால்தான் கெடுத்தேன். அதனால் அந்த லாச்சியைத் திறக்கும்போதெல்லாம், அந்த நடைபாதையில் கடைசியாக நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெய்லின் நேரலையை நிறுத்திக் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். இனிப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. இடைவேளை முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது, நான் உள்ளே போகத் திரும்பினேன். அவள் என் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெட்டியில் இருந்து அந்தச் சிவப்புப் பேர்ஸை எடுத்து, அகலத் திறந்து, என் முன்னால் நீட்டினாள்.

"இப்ப கேளுங்கோ, அன்ரி."

கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். உடம்புச் சூட்டில் குற்றி இன்னும் சூடாக இருந்தது.

"வைக்கட்டே?" என்று கேட்டேன். ஆங்கிலம் வரவில்லை, தமிழில்தான் கேட்டேன்.

காலையில் நானும் ராஜன் அண்ணையும் பேசியதில் இருந்து பிடித்து வைத்திருந்த சொல்லை எடுத்து, மெய்லின் தமிழிலேயே, "ஓம்" என்றாள்.